நான்கையும் வெல்லும் ஐந்தாவது பூதம்: மாயக் கதையில் அதை எங்கே வைப்பது?

கேள்வி: நிலம், நீர், தீ, காற்று என்ற நான்கு பூதங்களை ஆளும் மந்திரவாதிகள் உள்ள கதை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதாநாயகிக்கு மட்டும் இந்த நான்கையும் வெல்லக்கூடிய ஐந்தாவது பூதம் கைவருகிறது. படித்துப் பார்த்த நண்பர்கள் "இது ஏற்கெனவே பார்த்ததுதானே" என்கிறார்கள். ஐந்தாவதை எடுத்துவிடலாமா? வைத்துக்கொள்வதென்றால் எப்படி?

பதில்: எடுக்க வேண்டாம். ஐந்தாவது பூதம் உங்கள் கதைக்கு நல்லதுதான். அதை மற்ற நான்கின் தலைமேல் உட்கார வைத்ததில்தான் சிக்கல். கூடுதலாக ஒரு பூதம் வேண்டும் என்ற யோசனையோடு மனிதர்கள் 2,000 ஆண்டுகளுக்கும் மேலாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். மாயக் கதை எழுதுகிறவர் எடுத்துக்கொள்ள அதில் நிறைய இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் உலகம் ஐந்தாவது வருவதற்கு முன்பு எப்படி இயங்குகிறது என்று பாருங்கள். நீர் தீயை அணைக்கும். நிலம் நீரைத் தேக்கும். காற்று நிலத்தை அரிக்கும். தீயை ஊதி வளர்ப்பதும் காற்று, ஊதி அணைப்பதும் காற்று. யார் யாரிடம் மாட்டுகிறார்கள், எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். ஒவ்வொரு மோதலுக்கும் முன்னால் வாசகர் மனத்துக்குள் ஒரு கணக்குப் போடுவார். இப்படிப்பட்ட கதையில் பாதி சுவை அந்தக் கணக்கில் இருக்கிறது. நான்கையும் வெல்லும் ஒன்று வந்த நொடியில் கணக்கு முடிந்துவிடும். நீரும் தீயும் எப்படி மோதினால் என்ன, கடைசியில் ஜெயிப்பது எது என்று தெரிந்துவிட்டதே. அப்புறம் மிஞ்சுவது, "அவள் அதை எப்போது எடுக்கப் போகிறாள்?" என்ற ஒரே கேள்விதான்.

எழுதுகிறவருக்கும் அங்கிருந்து தொல்லை ஆரம்பம். ஒவ்வொரு அத்தியாயத்திலும் அவள் அதை எடுக்காமல் இருக்க ஒரு காரணம் தேட வேண்டும். களைப்பு, மயக்கம், குருவின் தடை, இன்னும் முழுதாக விழிக்காத சக்தி. உங்கள் நண்பர்கள் "பார்த்ததுதானே" என்று சொன்னது ஐந்தாவது பூதத்தைப் பற்றி என்று நான் நினைக்கவில்லை. இந்தச் சாக்குகளைத்தான் அவர்கள் வேறு வேறு கதைகளில் பார்த்துச் சலித்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். எந்த இரண்டு பூதங்கள் மோதினாலும் ஒன்று வெல்லும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பூதங்களுக்கு 6 ஜோடிகள், ஆகவே 6 வெற்றிகள். சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்றரை. அரை வெற்றி என்று ஒன்று கிடையாது. நான்கை வைத்துக்கொண்டு எப்படி விதி எழுதினாலும் ஏதாவது ஒன்று ஓங்கியும் ஒன்று தாழ்ந்தும்தான் இருக்கும். ஐந்து பூதங்கள் என்றால் 10 ஜோடிகள், ஆளுக்கு 2 வெற்றி, 2 தோல்வி. கச்சிதமாகப் பொருந்துகிறது. கூடுதலாக வரும் பூதம் உலகத்தின் சமநிலையைக் குலைத்தே தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். கோணலாக நிற்கும் நான்கை நிமிர்த்தி வைக்கவும் அதனால் முடியும்.

சீனச் சிந்தனையின் ஐந்து இந்தக் கணக்கை முழுதாகப் பயன்படுத்திக்கொள்கிறது. அங்கே மரம், தீ, மண், உலோகம், நீர். மரம் தீயை வளர்க்கும், தீ சாம்பலாகி மண்ணாகும், மண்ணில் உலோகம் பிறக்கும், உலோகத்தின் மேல் நீர் திரளும், நீர் மரத்தை வளர்க்கும். இது ஆக்கும் வட்டம். அடக்கும் வட்டம் வேறு: மரம் மண்ணைப் பிளக்கும், மண் நீரைத் தடுக்கும், நீர் தீயை அணைக்கும், தீ உலோகத்தை உருக்கும், உலோகம் மரத்தை வெட்டும். இரண்டு வட்டங்களையும் சேர்த்தால் 10 ஜோடிகளும் வந்துவிடுகின்றன. எந்த இரண்டுக்கும் இடையே ஏதோ ஓர் உறவு உண்டு, எதுவும் ராஜா கிடையாது.

சரி, மேற்கே நான்கோடு ஐந்தாவது எப்படி வந்து சேர்ந்தது? உங்கள் கதைக்கு மிகவும் பயன்படக்கூடிய பகுதி இது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் வாழ்ந்த எம்பெடோக்ளிஸ்தான் நிலம், நீர், தீ, காற்று என்ற நான்கை எல்லாவற்றுக்கும் வேர்கள் என்று வகுத்தவர். நான்கு மட்டும் போதாது என்று அவருக்கும் தெரிந்திருந்தது. அதனால் அன்பு, பகை என்று இரண்டு சக்திகளைச் சேர்த்தார். அன்பு நான்கையும் கலக்கும், பகை பிரிக்கும். இந்த இரண்டும் பூதங்களோடு மோதுவதில்லை. பூதங்கள் ஒன்றோடொன்று என்ன செய்துகொள்ள வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. உங்கள் கதாநாயகிக்குத் தீயைவிடச் சூடான ஒன்றைத் தருவதற்குப் பதில், தீயையும் நீரையும் அணையாமல் ஆவியாகாமல் சேர்த்து வைக்கும் திறனை மட்டும் தந்து பாருங்கள். அவளால் தனியாக எதுவும் செய்ய முடியாது. பக்கத்தில் இரண்டு பேர் இருந்தாக வேண்டும். அவர்கள் ஒருவரையொருவர் வெறுப்பவர்களாக இருந்தால் கதை தானாக நகரும்.

அரிஸ்டாட்டில் அதற்கு அடுத்த நூற்றாண்டில் வேறு வழியில் போனார். அவருடைய நான்கு பூதங்களும் சூடு, குளிர், ஈரம், வறட்சி என்ற பண்புகளின் சேர்க்கை. தீ சூடும் வறட்சியும், காற்று சூடும் ஈரமும், நீர் குளிரும் ஈரமும், நிலம் குளிரும் வறட்சியும். ஒரு பண்பு மாறினால் ஒரு பூதம் இன்னொன்றாக மாறும். எல்லாம் அழகாக அடங்கிவிட்டது, ஒன்றைத் தவிர. அவர் பார்வையில் பூமியில் உள்ளவை தம் இயல்பில் நேர்கோட்டில் நகர்கின்றன. கல் கீழே விழும், தீ மேலே எழும். ஆனால் விண்மீன்கள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, நிற்பதும் இல்லை, விழுவதும் இல்லை. நான்கில் எதுவும் இதை விளக்கவில்லை. ஆகவே வானம் வேறொரு பொருளால் ஆனது, வட்டமாகச் சுற்றுவதே அதன் இயல்பு என்றார். அதுதான் ஈதர்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஈதருக்குக் கனமும் இல்லை, லேசும் இல்லை, சூடும் இல்லை, குளிரும் இல்லை. எதிர்ப்பண்பு ஏதும் இல்லாததால் அது மாறுவதில்லை, அழிவதில்லை. தீயோடு மோதி ஜெயிக்கவும் மாட்டாது, ஏனென்றால் நிலவுக்குக் கீழே அது எதிலும் கலப்பதே இல்லை. அதன் மேன்மை அது இருக்கும் இடத்தில் இருக்கிறது. இரண்டாவதுதான் எழுதுகிறவருக்குப் பொக்கிஷம். அரிஸ்டாட்டில் முதலில் நான்கால் விளக்க முடியாத ஒன்றைத் தினமும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் வானத்தில் காட்டினார். பெயர் அப்புறம்தான் வந்தது. உங்கள் கதையிலும் அப்படியே செய்யலாம். முதல் அத்தியாயத்திலிருந்தே நான்கு பூதங்களால் விளங்காத ஏதோ ஒன்று எல்லோர் கண்முன்னும் நடந்துகொண்டிருக்கட்டும். ஒரு குறிப்பிட்ட குன்றின் மேல் எந்தத் தீக்காரரின் தீயும் பற்றுவதில்லை. மந்திரவாதிகள் அதற்கு ஏதோ ஒப்புக்கு ஒரு காரணம் சொல்லிப் பழகிவிட்டார்கள். பாதிக் கதைக்குப் பிறகு ஐந்தாவதன் பெயர் வரும்போது, "அட, அந்தக் குன்று!" என்று வாசகரே சொல்வார்.

14ஆம் நூற்றாண்டில் ரூப்பசிஸ்ஸாவின் ஜான் என்ற பிரான்சிஸ்கன் துறவி, வானத்தில் இருக்கும் இந்த அழியாப் பொருளுக்கு நிகரான ஒன்றைக் கீழேயும் எடுக்கலாம் என்று எழுதினார். வழி: திராட்சை மதுவைத் திரும்பத் திரும்ப வடித்தல். கிடைத்ததில் இறைச்சியைப் போட்டு வைத்தால் அழுகுவதில்லை என்பதை அவர் ஆதாரமாகக் காட்டினார். அவர் கையில் இருந்தது சாராயம், கிருமிகள் அதில் பிழைப்பதில்லை, அதனால் இறைச்சி கெடுவதில்லை. விளக்கம் தவறு, ஆனால் கண்ணால் பார்த்தது சரி. மாய உலகுக்கு இது எவ்வளவு நல்ல தொடக்கம்! பிறவியில் வராமல் பொறுமையான உழைப்பில் சொட்டுச் சொட்டாக வடித்தெடுக்க வேண்டிய ஐந்தாவது பூதம். அது எதையும் எரிக்காது, உடைக்காது. தொட்டதை அழுகாமல் நிறுத்திவைக்கும், அவ்வளவுதான். அதற்காக அரசர்கள் போரிட மாட்டார்களா?

தமிழ் மரபில் நாம் நான்கிலிருந்து தொடங்குவதே இல்லை. தொல்காப்பியம் "நிலம் தீ நீர் வளி விசும்பொடு ஐந்தும் கலந்த மயக்கம் உலகம்" என்கிறது. கூடுதல் என்று தோன்றக்கூடிய விசும்பு தொடக்கத்திலேயே உள்ளே இருக்கிறது. ஐந்தில் அது வலிமை மிக்கதா? புறநானூற்றின் இரண்டாம் பாட்டில் முரஞ்சியூர் முடிநாகராயர் சேர மன்னனை ஐம்பூதங்களோடு ஒப்பிடுகிறார். நிலத்தைப் போலப் பகைவரைப் பொறுத்தல், விசும்பைப் போலச் சிந்தனையின் அகலம், காற்றைப் போல வலிமை, தீயைப் போல அழித்தல், நீரைப் போல அருள். வலிமை காற்றுக்குப் போய்விட்டது, அழிவு தீக்குப் போய்விட்டது. விசும்புக்குக் கிடைத்தது அகலம். அடிகொடுக்கும் ஆற்றல் எதுவும் அதற்குத் தரப்படவில்லை.

இதையே எண்களில் சொல்கிறார் மாணிக்கவாசகர். திருவாசகத்தின் போற்றித் திருவகவலில் "பாரிடை ஐந்தாய்ப் பரந்தாய் போற்றி, நீரிடை நான்காய் நிகழ்ந்தாய் போற்றி, தீயிடை மூன்றாய்த் திகழ்ந்தாய் போற்றி, வளியிடை இரண்டாய் மகிழ்ந்தாய் போற்றி, வெளியிடை ஒன்றாய் விளைந்தாய் போற்றி" என்று வரும். பூதங்களின் பண்புக் கணக்கு இது. வெளிக்கு ஓசை மட்டும். காற்றுக்கு ஓசையும் தொடுகையும். தீக்கு அவற்றோடு உருவம். நீருக்குச் சுவையும் சேரும். நிலத்துக்கு மணமும் சேர்ந்து ஐந்து. பக்தியில் பிறந்த வரிகள் இவை. மாய உலகம் கட்டுகிறவருக்கு இவ்வளவு தெளிவான வரைபடம் வேறெங்கும் கிடைத்து நான் பார்த்ததில்லை. ஏனென்றால் மேலே போகப் போகப் பண்புகள் குறைகின்றன. உச்சியில் இருப்பதிடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு, ஆனால் அந்த ஒன்று மற்ற நான்கிலும் கலந்திருக்கிறது.

இதை அப்படியே மந்திர விதியாக்கிப் பாருங்கள். நிலத்துக்காரருக்கு நிலத்தின் ஐந்து பண்புகளும் வசம். மண்ணின் மணத்தை மாற்றுவார், உருவத்தை மாற்றுவார், அதிர வைப்பார். ஆனால் அவர் ஆட்சி மண்ணோடு முடிந்தது. வெளியை ஆளும் உங்கள் கதாநாயகிக்கு ஓசை மட்டும்தான் வசம், ஆனால் எங்கும் எதிலும் உள்ள ஓசை. அவளால் ஒரு தீப்பொறியை அணைக்க முடியாது, ஒரு கூழாங்கல்லை நகர்த்த முடியாது. ஓசையை எடுத்துவிட முடியும். உங்கள் உலகில் மந்திரங்களை வாய்விட்டு ஓத வேண்டும் என்று ஒரு விதி இருந்தால், ஓசை நின்ற இடத்தில் நான்கு வகை மந்திரவாதிகளும் வெறும் மனிதர்கள். நான்கையும் வெல்லும் சக்தி வேண்டும் என்றீர்களே, இதோ வந்துவிட்டது. கூடவே அதன் ஓட்டையும் வந்துவிட்டது. ஓசை நின்றால் அவள் வாயும் நின்றுவிடும், தோழர்களை எச்சரிக்கக்கூட முடியாது. அதோடு பிறவியிலேயே பேச்சில்லாத, விரலால் மண்ணைத் தொட்டே வேலை செய்யப் பழகிய ஒரு நிலத்துக்காரர் எதிரே நின்றால், ஐந்தாவது பூதத்தால் அவரை ஒன்றும் செய்ய முடியாது. இவ்வளவும் ஒரே விதியிலிருந்து வந்தது. மயக்கம், களைப்பு என்று எந்தச் சாக்கும் தேட வேண்டியிருக்கவில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வழியைத்தான் எடுப்பேன்.

ஆனால் உங்களுக்கு மோதலில் நேரடியாக மற்ற நான்கையும் அடிக்கும் ஒன்றுதான் வேண்டும் என்றால்? அதற்கும் வழி உண்டு. கற்றுக்கொள்ள வேண்டிய இடம் சீட்டுக்கட்டு. 15ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வட இத்தாலியில், நாணயம், கோப்பை, வாள், தடி என்ற நான்கு இனங்கள் கொண்ட கட்டில் ஐந்தாவதாக ஓர் இனத்தைச் சேர்த்தார்கள். அதில் உள்ள எந்தச் சீட்டும் மற்ற நான்கு இனங்களின் எந்தச் சீட்டையும் வெட்டும். பழைய நான்கில் 56 சீட்டுகள், புதிதாக 21 துருப்புகளும் கோமாளிச் சீட்டு ஒன்றும், ஆக மொத்தம் 78. இன்று டாரோ என்ற பெயரில் குறி சொல்லப் பயன்படுவது இந்தக் கட்டுதான். குறி சொல்லும் வழக்கம் பரவியது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அதற்கு முன்பு 300 ஆண்டுகளுக்கும் மேலாக அது விளையாட்டு மட்டுமே.

எல்லாவற்றையும் வெட்டும் ஓர் இனத்தைச் சேர்த்தும் அந்த விளையாட்டு ஏன் கெடவில்லை? கெடவில்லை என்பது மட்டுமா, துருப்பு என்ற யோசனை உலகம் முழுவதும் உள்ள சீட்டாட்டங்களுக்குப் பரவியது. காரணம் ஒரு விதி: இறங்கிய இனம் உன் கையில் இருக்கும்வரை அதைத்தான் போட வேண்டும், துருப்பைத் தொடக்கூடாது. கையில் அந்த இனம் தீர்ந்த பிறகுதான் துருப்பு. அதாவது பலமான சீட்டுக்குக் கதவு திறப்பது இன்னொன்று இல்லாமல் போகும்போது. நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் எதிராளியின் துருப்புகளைச் சின்னச் சின்னச் சுற்றுகளிலேயே உருவிவிடுவார்கள். பெரிய சுற்று வரும்போது அவர் கை வெறுமையாக இருக்கும்.

இந்த இரண்டையும் கதைக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கதாநாயகி நீர் மந்திரம் கற்றவள். அவளிடம் நீர் இருக்கும்வரை ஐந்தாவது வராது. ஐந்தாவது வேண்டுமென்றால் நீரை முழுதாகச் செலவழித்துத் தீர்க்க வேண்டும், அந்த நீர் திரும்பி வரப் பல மாதங்கள் ஆகும். கிணறு வற்றிய தன் ஊருக்கு நீர் கொண்டுவருவதற்காக அவள் அந்தக் கலையைக் கற்றிருந்தால், ஒவ்வொரு முறை ஐந்தாவதைத் தொடும்போதும் ஊருக்கு ஒரு கோடைக்காலம் தண்ணீர் இல்லை. வில்லனும் இப்போது புத்திசாலியாக முடியும். அவளை நேரில் சந்திக்காமல், ஐந்தாவதை எடுத்தே ஆகவேண்டிய சின்னச் சின்ன நெருக்கடிகளை அவன் உண்டாக்கிக்கொண்டே போவான். ஒரு குழந்தை இடிபாட்டில் சிக்கியிருக்கிறது, எடுப்பாளா மாட்டாளா? முன்பு சொன்ன "எப்போது எடுப்பாள்?" என்ற சலிப்பான கேள்வி இங்கே வாசகரைத் தூங்கவிடாத கேள்வியாக மாறுகிறது.

கதவை நேரத்தில் வைப்பது இன்னொரு வழி. சீன ஐந்தைப் பருவங்களோடு பொருத்தியபோது அவர்களுக்கு ஒரு தொல்லை வந்தது. பருவங்கள் நான்கு, இவையோ ஐந்து. ஒரு தீர்வாக, மண்ணுக்குத் தனிப் பருவம் தராமல் ஒவ்வொரு பருவத்தின் கடைசி 18 நாட்களை அதற்குக் கொடுத்தார்கள். 360 நாள் ஆண்டில் நான்கு பதினெட்டு 72, மற்ற நான்குக்கும் அதே 72. எவ்வளவு நேர்மையான பங்கீடு! மண்ணுக்குச் சொந்தமாக ஒரு பருவம் இல்லை, ஆனால் எந்தப் பருவமும் அதைக் கடக்காமல் அடுத்ததற்குப் போக முடியாது. ஐந்தாவது பூதம் மாற்றத்தின் விளிம்பில் மட்டும் கைக்கு வரும் என்று வையுங்கள். நீர் ஆவியாகும் கணம், தீ சாம்பலாகும் கணம், பகல் இரவாகும் நேரம். அவளோடு மோதுகிறவர்கள் உச்சி வெயிலைத் தேர்ந்தெடுப்பார்கள்.

விளையாட்டு உலகம் இந்தப் பாடத்தை அடிபட்டுக் கற்றது. விதவிதமான உயிரினங்களை மோதவிடும் வீடியோ விளையாட்டு போக்கிமான். 1996இல் வந்த அதன் முதல் பதிப்புகளில் அந்த உயிரினங்களுக்கும் அவற்றின் தாக்குதல்களுக்கும் 15 வகைகள் இருந்தன. அவற்றில் மனோசக்தி வகை கட்டுக்கடங்காமல் ஓங்கிவிட்டது. அதற்கு எதிராக இருக்க வேண்டிய ஆவி வகைத் தாக்குதல், விதியில் நேர்ந்த பிழையால் அதன்மேல் வேலையே செய்யவில்லை. மிச்சமிருந்த பூச்சி வகையில் சொல்லிக்கொள்ளும்படியான தாக்குதல்கள் குறைவு. 1999இல் அடுத்த தலைமுறை வந்தபோது இருள், எஃகு என்று இரண்டு வகைகளைச் சேர்த்தார்கள். இருளின் மேல் மனோசக்தி பலிக்காது. டிராகன் வகையும் பிறகு இதேபோல் ஓங்க, 2013இல் தேவதை வகை வந்தது, டிராகன் தாக்குதல் அதைத் தொடவே தொடாது. உச்சியில் ஏறிக்கொண்ட ஒன்றை இறக்க ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தது. பல பாகங்களாகத் தொடர் எழுதும் எண்ணம் இருந்தால் இதை மனத்தில் வையுங்கள். ஐந்தாவதை அடக்க ஆறாவது, ஆறாவதை அடக்க ஏழாவது என்று போனால் முடிவே இல்லை. விளையாட்டுக்குப் புதிய பதிப்பு வரும், அச்சான முதல் பாகத்தை நீங்கள் திருத்த முடியாது.

புதிதாகச் சேர்ப்பதற்கு முன் இருப்பதை விரித்துப் பார் என்பது மிகைபுனைவு எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் வகுத்த மூன்றாவது விதி. அதற்கு நல்ல சான்று 2005இல் தொடங்கிய 'அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்' தொடர். அங்கே நான்கு பூதங்கள்தான். நிலத்தை ஆளும் சிறுமி ஒருத்தி, உலோகத்துக்குள்ளும் மண்ணின் துகள்கள் இருக்கின்றன என்று உணர்ந்து உலோகத்தை வளைக்கிறாள். நீரை ஆளும் கிழவி ஒருத்தி, உடலுக்குள் ஓடுவதும் நீர்தானே என்று மனிதர்களையே ஆட்டி வைக்கிறாள், அதுவும் முழுநிலா இரவில் மட்டும். இரண்டும் புதிய பூதங்கள் அல்ல, பழையவற்றின் உள்ளறைகள். அதனால் பார்ப்பவருக்கு வியப்பும் வந்தது, நம்பிக்கையும் வந்தது. அதே தொடரின் முடிவில் உயிராற்றலையே வளைக்கும் கலை ஒன்று வருகிறது. கருத்தளவில் அது அழகானதுதான், ஆனால் இறுதிப் போருக்குச் சற்று முன்புதான் வந்தது என்ற குறை ரசிகர்கள் பலருக்கு உண்டு. எனக்கும் அந்தக் குறை உண்டு. நான்கு பூதங்களையும் அவ்வளவு பொறுமையாகக் கட்டிய தொடர் அது. ஐந்தாவதற்கும் அந்தப் பொறுமை கிடைத்திருக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை அறிவியல் வரலாற்றிலிருந்து. 19ஆம் நூற்றாண்டில் ஈதர் மறுபடியும் வந்தது, இம்முறை ஒளி அலைகளைத் தாங்கும் ஊடகமாக. அலை இருந்தால் அது பரவ ஒரு பொருள் வேண்டுமே என்பது வாதம். ஒளியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க அது மிக விறைப்பாக இருக்க வேண்டும். கோள்கள் தடையின்றி அதனூடே போக வேண்டும் என்பதால் இருக்கிற சுவடே தெரியாத அளவுக்கு மென்மையாகவும் இருக்க வேண்டும். தேவை ஒவ்வொன்றாக வர வர அதன் தலையில் பண்புகள் ஏறிக்கொண்டே போயின. 1887இல் மைக்கேல்சனும் மார்லியும் பூமி அதனூடே போவதன் விளைவை அளக்க முயன்றார்கள், எதிர்பார்த்த மாற்றம் தெரியவில்லை. 1905இல் ஐன்ஸ்டீன் அது தேவையே இல்லை என்று காட்டினார். கதைகளில் வரும் 'ஆன்ம சக்தி', 'ஆதி ஒளி' போன்றவற்றுக்கு நேர்வதும் இதேதான். முதல் அத்தியாயத்தில் காயத்தை ஆற்றும், ஐந்தாவதில் பறக்க வைக்கும், பத்தாவதில் இறந்தவரை எழுப்பும். கதை எங்கெல்லாம் முட்டிக்கொள்கிறதோ அங்கெல்லாம் அதைக் கொண்டுபோய் நிறுத்துவோம். உங்கள் ஐந்தாவது பூதம் செய்யக்கூடியவற்றை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒரே வாக்கியத்துக்குள் அடங்கவில்லை என்றால் அதன் தலையில் சுமை ஏறிவிட்டது.

அவளுக்கு மட்டும் ஏன் வருகிறது என்ற கேள்விக்குப் பரம்பரை, ஜாதகம், தீர்க்கதரிசனம் என்று போக வேண்டாம். பதில் பூதத்தின் இயல்பிலிருந்தே வரட்டும். ஓசையை ஆளும் பூதம் என்றால், வருடக்கணக்கில் பேசாமல் வாழ நேர்ந்த ஒருத்திக்குக் கைவருவது இயல்பு. விளிம்பில் பிறக்கும் பூதம் என்றால் இரண்டு குலங்களுக்கு நடுவே, இரண்டிலும் சேராமல் வளர்ந்தவளுக்கு. இப்படி வைத்தால் அவள் வாழ்க்கையும் சக்தியும் ஒரே கதையாகிவிடும். அதே வாழ்க்கை வாய்த்தால் இன்னொருவருக்கும் அது வரலாம் என்ற கதவும் திறந்திருக்கும்.

எந்த நிபந்தனையும் இல்லாமல் மற்ற எல்லாவற்றையும் வெல்லும் சக்தி ஒன்று கதையில் இருக்கவே கூடாதா? இருக்கலாம், அது யாருக்கும் சொந்தமில்லாமல் இருந்தால். எந்த மந்திரமும் தடுக்க முடியாமல் ஊர் ஊராக விழுங்கிக்கொண்டு வரும் வெறுமையாக வையுங்கள். அப்போது அது நான்கு பூதக்காரர்களையும் ஒரே பக்கம் நிற்க வைக்கும் பேரழிவு. கணக்கைக் குலைக்காது, எல்லோரையும் புதிதாகக் கணக்குப் போட வைக்கும். வில்லன் கையில் கொடுப்பதும் ஓரளவு தாங்கும். கதாநாயகியின் கையில்தான் அது கதையைக் கொல்கிறது.

கடைசியாக, எழுதும் வரிசை பற்றி. ஒரு மந்திரத்தை வாசகர் எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறாரோ அவ்வளவுக்குத்தான் அதை வைத்துச் சிக்கலைத் தீர்க்க முடியும் என்பதும் சாண்டர்சன் சொன்னதுதான், அவருடைய முதல் விதி. ஐந்தாவது பூதத்துக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். அவள் அதை முதன்முறை தொடும் காட்சியிலேயே அதன் விலையும் கதவும் தெரிந்துவிட வேண்டும். அந்தக் காட்சியில் அவள் தோற்றாலும் நல்லது. ஓசையை நிறுத்திவிட்டு அந்தப் பேச்சில்லாத நிலத்துக்காரரிடம் அவள் தோற்கட்டும், அல்லது நீரைத் தீர்த்துவிட்டு ஊருக்கு வெறுங்கையோடு திரும்பட்டும். இதை இரண்டாம் பாகத்துக்குத் தள்ளிப் போட்டால், விதியை எவ்வளவு நேர்மையாக வகுத்திருந்தாலும் வாசகர் அதைச் சாக்கு என்றுதான் எடுத்துக்கொள்வார்.